தொடக் கூட

மாநகராட்சிச் சீட்டில் பதினாறு பலகை.
பூப் பறிக்காதீர். புல் மிதிக்காதீர்.
எச்சில் துப்பாதீர். நாயை அழைத்து வராதீர்.
பதினாறாவது, தகரம் போதாமல் இரண்டு வரியில்:
சிற்பங்களைத் தொடக்
கூடாது.
வெள்ளை மேல் சிவப்பு எனாமல்,
எழுத்துக்கு ஏழு ரூபாய்.
புள்ளி வைத்த எழுத்துக்குமா என்று
ஏ.ஈ. தமயந்தி மேடம் நிமிர்ந்து பார்த்தார்.
அதற்கும்தான் என்றேன்.

சிற்பம் என்றால் சாமி, இல்லாவிட்டால் தலைவர்
என்று நினைத்துக்கொண்டு போனேன்.
தோட்டப்பாளையம் பூங்காவில் நின்றது காது.
ஆளுயர எவர்சில்வர் காது, கேட்டுக்குப் பக்கத்தில் ஒன்று,
அறுபதடி தள்ளிப் புங்க மரத்தடியில் ஒன்று.
நடுவில் மண்ணுக்கடியே குழாய்.
இங்கே கிசுகிசுத்தால் அங்கே கேட்குமாம்.
ராணிப்பேட்டைப் பட்டறையில் வெல்டிங் அடித்து
யாரோ படித்த பையன் கொண்டுவந்து நட்டானாம்,
கை வைக்க, வாய் வைக்க, காது வைக்க.

ஆணி அடிக்கும்போதே எனக்கு உறைத்தது.
ஆனால் சீட்டில் பதினாறு என்றிருந்தது.

ஒரு மாதம் ஒருவரும் தொடவில்லை.
வேலூர் வெயிலில் எவர்சில்வரைக் காக்கப்
பலகை எதற்கு, பங்குனி போதும்.
நடைப்பயிற்சிக்காரர்கள் செல்போனில் கத்திக்கொண்டே
காதைச் சுற்றிப் போனார்கள்.
வாட்ச்மேன் முனிரத்தினம் அதன் மேல் துண்டு காயப்போடுவார்.
அது தொடுவதில் சேராது.

தொட்டது வெளியூர் ஆள்.
மால்டாவோ முர்ஷிதாபாத்தோ.
ஆஸ்பத்திரி ஃபைல் அக்குளில், எக்ஸ்ரே கவர் கையில்,
பாபுராவ் தெரு லாட்ஜிலிருந்து
பொழுது சாய வந்து உட்காருகிறவர்.
என் பலகை அவருக்குப் படிக்கத் தெரியாது.
எழுந்து போய் உள்ளங்கையை வைத்தார்,
மாட்டின் நெற்றியில் வைப்பதுபோல.
பிறகு குனிந்து என்னவோ சொன்னார்.

நான் புங்க மரத்தடியில்
துப்பாதீருக்கு விட்டுப்போன புள்ளியை வைத்துக்கொண்டிருந்தேன்.
பின்னந்தலையில் பட்டது குரல்.

அந்த பாஷையை நான் எழுதுவேன்.
லாட்ஜ் போர்டெல்லாம் என் கைதான்:
அறை உண்டு. மீன் சோறு உண்டு.
மொட்டை மாடியில் சமைத்துக்கொள்ளலாம்.
மாதிரியைப் பார்த்து அப்படியே வரைவது.
மேலே ஒரு கொடி, கொடியில் தொங்கும் துணியாக எழுத்து.
எட்டு வருஷமாகக் காயப்போடுகிறேன்,
எது சட்டை எது பாவாடை என்று தெரியாமல்.
அன்றுதான் கேட்டேன்
உடுத்தியவர் வாயில்.

டியூஷன் விட்டு வந்த ஜெனிட்டா என்னை இடித்துக்கொண்டு
காதுக்குள் தலையை விட்டாள்.
"இன்னா அங்கிள், சத்தமா சொல்லுங்க!"
அந்தப் பக்கம் மௌனம்.
பிறகு சிரிப்பு, மண்ணுக்கடியில் நடந்து வந்த சிரிப்பு.
அவர் நீளமாக ஏதோ சொல்ல
இவள் கணக்கு டீச்சரைப் பற்றிப் புகார் சொல்ல
அவர் உச்சுக்கொட்ட
கால்மணி நேரம் போயிற்று.

விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார் முனிரத்தினம்:
"போர்டு எழுதனவரே பாத்துகினு கீறீங்களே, நியாயமா?"

மறுநாள் கேட் திறந்ததும் போனேன்.
தின்னர் பாட்டில், பிளேடு, பனியன் துணி.
பலகையைக் கழற்றவில்லை, அது அரசாங்கச் சொத்து.
கடைசி து-வைச் சுரண்டினேன்.
அதற்கு முன்னால் நின்ற துணைக்காலைச் சுரண்டினேன்.
மிச்சம்:
சிற்பங்களைத் தொடக்
கூட.

வாக்கியம் முடியவில்லையே என்பார் மேடம்.
து-வுக்கு ஏழு ரூபாயைப் பில்லில் கழித்துக்கொள்ளட்டும்.
துணைக்காலுக்கு நான் எப்போதும் தனியாக வாங்கியதில்லை.

அந்த ஆளை அப்புறம் காணோம்.
டிஸ்சார்ஜ் ஆகியிருக்கும். இல்லை, வேறென்னவோ.
காதின் விளிம்பில் ஓரிடம் மட்டும் மங்கிக் கிடக்கிறது
இத்தனை பேர் கை பட்டு.

ஒரு மத்தியானம், யாரும் இல்லாதபோது,
நானும் வாயை வைத்தேன்.
என்ன சொல்வதென்று தோன்றவில்லை.
அறை உண்டு என்றேன்.
அந்தப் பக்கம்
யாரோ இருமினார்கள்.