கலைஞர் பெயர்: ஒன்று மட்டும்

படிவம் கேட்கிறது,
கலை வாழ்க்கையை இருநூறு சொல்லுக்குள்.
பாடாங் செராய், டயர் கடைக்கு மேல்மாடி.
மின்விசிறி மூன்றில்தான் சுற்றும், இரண்டில் முனகும்.
கட்டத்தைப் பார்த்தபடி பேனாவைத் திறக்கிறேன்.

முதலில் கோட்பாடு.
குளிர்நாட்டில் நான்கு வருடம்
பார்வையின் அதிகாரம் பற்றி எண்பதாயிரம் சொல் எழுதினேன்.
யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுகிறார்.
அடிக்குறிப்புகள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஒன்றில்கூட அப்பாவின் நெற்றிவிளக்கு இல்லை.
விடியுமுன் நிரையில் அதைக் கட்டிக்கொண்டு வருகிறவருக்கு
மரப்பட்டை தெரியும், கோடு தெரியும்;
எதிரே நிற்பவருக்கு
வெளிச்சம் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது.
இது எனக்குத் தோன்றியது
பட்டம் வாங்கி ஒன்பது வருடம் கழித்து,
மின்தடை நாளில், மெழுகுவர்த்தி தேடும்போது.

பிறகு எழுத்து.
கட்டுரை அனுப்பினேன்.
'இதைக் கதையாகச் சொல்லக்கூடாதா' என்றார் ஆசிரியர்.
கதையாகச் சொன்னேன்.
'கட்டுரை வாடை அடிக்கிறதே' என்றார்.

பிறகுதான் ஞாயிறுகள்.
மூடிப்போன பால் ஸ்டோரைத் தோட்ட நிர்வாகம்
மாதம் ஐம்பது வெள்ளிக்குத் தந்தது.
டயர் கடை ஆ ஹெங் எழுத்து வெட்டுவான்;
அந்தக் காலத்துத் தியேட்டர் பேனர்க் கை.
மொக்லெஸ் செம்பனைக் குலை வெட்டிவிட்டு வருவான்,
ஊர்க்குளத்தை ஒவ்வொரு வாரமும் வேறு நீலத்தில் வரைய.
தனபாக்கியம் என்னோடு ஆறாம் வகுப்பு வரை படித்தவள்.
நான் பஸ் ஏறினேன், அவள் வாளி எடுத்தாள்.
கோணிச்சாக்கைப் பாலில் தோய்த்து உலரவைத்து
அதன் மேல் வரைந்தோம்.
சுவர் முழுக்க ஒரே துணி,
எங்கே யார் கை முடிந்தது என்று தெரியாத துணி.

ஒரு ஞாயிறு கரும்பலகையில்
'அந்நியமாதல்' என்று எழுதினேன்.
தனபாக்கியம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு,
"என்னாடி, அமோனியாவா?"
எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.
"பால்ல ஊத்துறமே, அதுதானே?
ஊத்தலைன்னா வழியிலேயே கட்டியாயிடும்,
நம்ம வாளியிலேயே நின்னுடும்.
லோரி வந்து ஏத்துற வரைக்கும்
உறையாம வெச்சிருக்கணும், அவங்களுக்காக.
மூக்குதான் நமக்கு எரியும்."

என் மூன்றாம் அத்தியாயம்
ஒரு மங்குக்குள் அடங்கிவிட்டது.
அன்றிரவே எழுதினேன்.
நல்ல கட்டுரை. கோலாலம்பூரில் வாசித்தேன், கைதட்டினார்கள்.
அதில் ஒரு வரி: 'ஒரு தொழிலாளி சொன்னார்...'

அச்சாகி வந்ததை அவள் மகன் படித்துக் காட்டியிருக்கிறான்.
மூன்று ஞாயிறு வரவில்லை.
நான்காவது ஞாயிறு வந்து, செருப்பைக் கழற்றாமல் கேட்டாள்:
"அந்த ஒரு தொழிலாளிக்குப் பேரு கீரு இல்லையா?"

பதில் சொல்ல எனக்கு எண்பதாயிரம் சொல் இருந்தது.

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.
முதல் வாரத்திலிருந்தே செக்ரோல் போட்டு வந்திருக்கிறாள்,
கிராணி போடுவது போல, ஸ்கேல் வைத்துக் கோடு.
வந்தவருக்கு ஒன்று, பாதியில் போனவருக்கு அரை.
ஆ ஹெங் பதினெட்டு.
மொக்லெஸ் இருபத்திரண்டு, மழை நாளும் சேர்த்து.
என் பெயருக்கு நேரே வரிசையாக அரை, அரை, அரை.
"நான் எல்லா வாரமும் வந்தேனே?"
"வந்த. பாதி நேரம் எழுதிக்கிட்டுல்ல இருந்த."

கூட்டிப் பார்த்தால் எனக்குப் பதினொன்றரை.
அந்த மிச்ச அரை எந்த வாரம் என்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படிவத்தில் பெயர்க் கட்டம் விரல் அகலம்.
கீழே குறிப்பு: கூட்டு முயற்சிகள் பரிசீலிக்கப்படா.
தாளைத் திருப்புகிறேன். பின்பக்கம் வெள்ளை.
ஸ்கேல் கிடைக்கவில்லை,
பல்கலைக்கழக அட்டையின் ஓரத்தை வைத்துக்
கோடு இழுக்கிறேன்.
கொஞ்சம் கோணல்தான்.

கீழே ஆ ஹெங் டயருக்குக் காற்று அடிக்கிறான்,
மேசை அதிர்கிறது,
மொக்லெஸின் பெயரில் மை இழுபடுகிறது.
இருநூறு சொல் எப்போதோ தாண்டிவிட்டது.