ஜீரோ கேட்டுக்கு முன்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் எனக்கு முன்னால்
நாற்பத்திரண்டு டிரெய்லர்.
உள்ளே போக விடிஞ்சிடும்ணே என்ற யேசையன்
சொன்ன வாய் மூடாமல் தூங்கிவிட்டான்.
போன் செத்து ஒரு மணி நேரம்.

வேறு வழியில்லாமல் டிபன் பாக்ஸைப் பார்த்தேன்.

ஒன்பது வருஷமாய்த் தின்கிறேன் இதில்.
எதிர் லாரி வெளிச்சம் வந்து வந்து போக
மூடியில் ஒரு பள்ளம்,
மொச்சைக்கொட்டை அளவு.
கிளிப்பில் ஒன்று பழசு,
மற்றது யாரோ மாற்றியது, லேசாய் நீலம் ஓடிய எஃகு.
இடப்பக்க விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது.
நான் வலக்கைக்காரன்.

தலைக்கு மேல் தூக்கினேன்.
அடியில் புள்ளி புள்ளியாய் எழுத்து.
பெயர் வெட்டியவனுக்கு ‘ழி’யில் கை வழுக்கி
ஒரு புள்ளி தனியே ஓடியிருக்கிறது,
தாளிக்கையில் தெறித்த கடுகு மாதிரி.

பூ. எழிலரசி.

எங்கள் வீட்டில்
அந்தப் பெயரில் யாருமில்லை.

காசிமேட்டுக் காற்று கேபினுக்குள் ஏறி
ஐஸும் மீனுமாய் நாறிவிட்டு இறங்கியது.
எந்த விசேஷத்தில், எந்தக் கழுவுகிற இடத்தில்
மாறிற்றோ.
எங்கள் டப்பாவை வைத்திருக்கிறவள்
அடியைத் திருப்பிப் பார்த்திருப்பாளா?

முன்னால் பிரேக் விளக்கு சிவப்பாகவே இருந்தது.
மீதித் தயிர்சோற்றை
ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டேன்,
அதிகம் பழக்கமில்லாத வீட்டில்
பந்தியில் உட்கார்ந்தவன் போல.