வருகையின் நோக்கம்

காந்தி ரோட்டுக்குப் பின்சந்தில்
எங்கள் லாட்ஜ் மொட்டைமாடியில்
ஒரே ஒரு ட்யூப்லைட்.
மழை விட்ட கார்த்திகை இரவுகளில்
அதைச் சுற்ற வருகிறவற்றைப்
பழைய ரெஜிஸ்டரில் எழுதிவைப்பேன்.
பெயர், ஊர், வந்த தேதி, போகும் தேதி,
வருகையின் நோக்கம்:
கட்டமெல்லாம் அச்சடித்தே இருக்கிறது.
காகிதம் வீணாகக் கூடாதல்லவா.

இரவு இரண்டரை.
சுவரில் ஓர் அந்துப்பூச்சி,
என் கட்டைவிரல் நீளம்,
சாம்பல் போர்வை.
ஈர்க்குச்சியால் தொட்டேன்.
போர்வை விலகி
வயிறெல்லாம் ரோஜாப் பட்டை.
கொடியில் ஈரத்துணி போட வந்த
இருநூற்றுநாலாம் அறைக்காரர்,
தாரக் மண்டல், மால்டா ஜில்லா,
செல்போன் வெளிச்சம் அதன் கண்ணில் படாமல்
கையால் மறைத்துப் பிடித்தார்.
அப்போதுதான் அவரைப் பிடித்துப்போனது.

மனைவியின் ரிப்போர்ட் வர இன்னும் மூன்று நாள்.
ஞாயிற்றுக்கிழமை மாலைவரை
வார்டுக்குள் விடமாட்டார்கள்.
கரைக்குப் போகலாமா என்றேன்.
எதன் கரை என்று சொல்லுமளவுக்கு
என் இந்தி நீளாது.

முனிரத்தினத்தின் பைக்கில்
ஆற்காடு, பாலாற்றுப் பாலம், வாலாஜா,
இருட்டு பிரிகையில் காவேரிப்பாக்கம்.
கரையேறியதும் செருப்பைக் கழற்றினார்.
எதிர்க்கரை தெரியாத தண்ணீர்.
குனிந்து விரலை நனைத்து
நாக்கில் வைத்துப் பார்த்தார்.
"நமக் நஹி."
குற்றம் சொல்வதுபோல் இல்லை அது,
சமையல் ருசி பார்த்தவர் சொல்வதுபோல் இருந்தது.

மதகுக்கு அந்தப்பக்கம்
வரித்தலை வாத்து ஏழு.
ஏழா, எட்டா என்று எண்ணும்போதே
ஒன்று இன்னொன்றின் பின்னால் போய்விடுகிறது.
சேற்றோரம் உள்ளான்கள்,
அவற்றை எண்ணுவதை விட்டுவிட்டேன்.
கரண்டுக் கம்பியில் தகைவிலான்கள்
காற்று வரும் பக்கமாக முகம் திருப்பி.

திடீரென்று அவர்
"கஞ்சன்! கஞ்சன்!" என்றார்.
பெட்ரோலுக்குப் பாதிக் காசு கேட்டது நிஜம்.
அதற்காக இப்படியா, அதுவும் ஏரிக்கரையில்?
என் முகத்தைப் பார்த்துவிட்டு
உள்ளங்கையை மேலும் கீழும் ஆட்டினார்.
கரைக்கல்லில், மஞ்சள் அடிவயிறோடு,
நிற்கத் தெரியாத வாலோடு,
ஒரு வாலாட்டி.
அவர் ஊரில் அதன் பேரே கொஞ்ஜொன்னாம்.
எங்கள் ஊரில் கஞ்சன் யாரென்று
சட்டைப்பையை இறுக்கிப் பிடித்துக் காட்டினேன்.
அவர் சிரித்த சிரிப்பில்
பரிசல்காரர் திரும்பிப் பார்த்தார்.
கஞ்சன் பறந்துபோனது.

பூஜை முடிந்ததும் எங்கள் வயலில் இறங்கும் என்றார்,
கொஞ்சநாள் இருந்துவிட்டுத்
தெற்கே போய்விடும்.
தெற்கே எங்கே?
யாரும் கேட்டதில்லை.
அது திரும்பி வந்து உட்கார்ந்தபோது
வங்காளியில் அதனிடம் ஏதோ கேட்டார்.
இங்கேதானா நீ வருவது
என்றுதான் இருக்கவேண்டும்.

ராத்திரி ரெஜிஸ்டரை நீட்டினேன்.
வருகையின் நோக்கம் கட்டத்தில்
அவர் எழுத்தில் அரை வரி எழுதினார்.
யாரையும் படிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

புதன்கிழமை ரிப்போர்ட் வந்தது.
வெள்ளிக்கிழமை அறை காலி.
முன்பணத்தில் நூற்றிருபது மிச்சம்,
வேண்டாம் என்று கையை மூடிக்கொண்டார்.
விரலைப் பிரித்து வைத்தேன்.
"கஞ்சன் என்று ஊரெல்லாம் சொல்லுவீர்கள்."
சிரிக்கப் பார்த்தார்.
அந்த அம்மாள் ஆட்டோவில்
கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

மார்ச் பதினொன்று.
வெயில் ஏறிவிட்டது.
தண்ணீர் டேங்க் கசிவில் ஒன்று
வாலாட்டி வாலாட்டி நடக்கிறது.
போகும் தேதிக் கட்டம் காலி.
அலாரம் அடிக்கிறது,
இருநூற்றுநாலுக்கு வெந்நீர்.