பிரிவு இரண்டு: வரையறைகள்

ரேஷன் கடைச் சுவரில் கன்னடத்தில் ஒட்டியிருந்தார்கள்.
பசை காயுமுன் செல்வமேரி என்னை இழுத்துப் போனாள்:
பத்தாவது வரைக்கும் போனவ நீதான், சொல்லு.

சொன்னேன்.
விருஷபாவதிப் பள்ளத்தாக்கு இனிமேல் பாரம்பரியம்.
ஊற்றுக்கண் தொட்டு இரு கரையும்
அட்டவணை ஒன்றில் கண்டபடி.
நுரையைப் பற்றி எங்கும் இல்லை.

அப்ப நாத்தம்? என்றான் மார்ட்டின்.
அட்டவணை மூன்று: அமிலம், அறுப்புக் கழிவு, சாயம்.
வாசித்து முடித்த பிறகுதான்
என் நகங்களைப் பார்த்தேன்.
பதினோரு வருஷமாகப் பட்டு நூல் முக்கும் கை.
திங்கள் அரக்கு, செவ்வாய் மயில்கழுத்து.
மேஸ்திரி தொட்டியைத் திறந்துவிட்டால்
அன்றைய நிறத்தை உடுத்திக்கொண்டு
ஆறு கெங்கேரிப் பக்கம் போகும்.

பிரிவு இரண்டு.
'நதி' என்பது நீர் ஓடுகிற, ஓடிய, ஓடக்கூடிய தடம்.
'மரம்' உண்டு. 'பாறை' உண்டு.
'பறவை' என்பதில் முட்டையும் அடங்கும்.
'குடியிருப்பவர்' என்பதில்
பட்டா இல்லாதவர் அடங்கார்.

அடங்கார்!
மார்ட்டின் விழுந்து விழுந்து சிரித்தான்.
நம்மளப் பத்தி சரியாத்தான் எழுதியிருக்கான்.

வியாழக்கிழமை சர்வேயர் சித்தலிங்கேஷ்,
டேப்பும் பெயிண்டு டப்பாவுமாக.
கரை எது? என்றார்.
வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டினேன்.
காலண்டருக்கு ஒரு சாண் மேலே பழுப்புக் கோடு.
போன ஐப்பசியில் ராத்திரி இரண்டு மணிக்கு
ஆறே வந்து அளந்துவிட்டுப் போனது.
நோட்டீஸ் கிடையாது, கெடு கிடையாது.
கோட்டை விரலால் தொட்டார். எழுதிக்கொள்ளவில்லை.
காபி வேண்டாம் என்றார், பிறகு குடித்தார்.
போகும்போது படியில் சிவப்பாக 43 போட்டார்.
நல்ல சிவப்பு. வெளுக்காது.
தொழில் தெரிந்தவள் சொல்கிறேன்.

ஆட்சேபணை முப்பது நாளுக்குள்,
எழுத்து மூலம், இரண்டு பிரதி.
இருபத்தொன்பதாம் நாள் ராத்திரி உட்கார்ந்தேன்.
வீடு வேண்டும் என்று எழுதினேன்.
ஆறு வேண்டாம் என்று எழுதக் கை வரவில்லை.
நந்தியின் காலடியில் பிறந்ததாமே அது,
ஒரு தடவையாவது
அதன் அடிமணலைப் பார்க்க எனக்கு மட்டும் ஆசையில்லையா.
வேலையும் போகும், அதையும் எழுதினேன், அடித்தேன்.

கடைசியில் மிஞ்சியது ஒரு திருத்தம்:
பிரிவு இரண்டில் 'வெள்ளம்' விட்டுப்போயிருக்கிறது.
'வெள்ளம்' என்பதில்
அது வந்த இரவில் பிள்ளைகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டு
கட்டில்மேல் நின்றவர்களும் அடங்குவர்
என்று சேர்க்கவும்.

இரண்டு பிரதியிலும் என் கட்டைவிரல்
மயில்கழுத்து நிறத்தில் பதிந்துவிட்டது.
பரவாயில்லை என்று ஸ்டாம்ப் அடித்தார் குமாஸ்தா.
எனக்குப் பின்னால் வரிசையில் இரண்டு பேர்,
கழுத்தில் பைனாகுலர், கையில் கட்டுக் காகிதம்.
முட்டை இருக்கிறது சார்,
கூடு இல்லையே என்று கேட்க வந்தவர்கள்.