பதினொன்று

பிரகாசிக்கு இருபத்துநாலில் பதினொன்று.
மூச்சு, தட்டணுக்கள், ஈரல், அழுத்தம், நினைவு, சிறுநீர்
ஒவ்வொன்றுக்கும் போட்டுக் கூட்டி
இரவு ஒன்று நாற்பதுக்குத் தாளில் எழுதினேன்.
இப்படிப் பதினொன்று வாங்கும் நூறு பேரில்
பாதிப் பேர் வீடு திரும்புவதில்லை என்கிறது கணக்கு.
எந்தப் பாதி என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

பாசி எடுக்க முங்கியபோது
பாறை குதிகாலைக் கிழித்திருக்கிறது.
எட்டு நாள் மஞ்சளும் சுண்ணாம்பும்.
ஒன்பதாம் நாள் தங்கச்சிமடத்திலிருந்து
மீன் வண்டியில் பாலம் தாண்டி வந்தாள்.
நீருக்கடியில் ஒரே மூச்சில்
அறுபது எண்ணும்வரை இருப்பவளுக்கு
இப்போது நிமிடத்துக்கு முப்பத்துநாலு மூச்சு.

வாசலில் கித்தேரியான்,
கையில் அவள் முங்கும்போது போடும் கண்ணாடி.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
"எத்தனாம் நம்பர் ஏத்தியிருக்கீக, சிஸ்டர்?"
"பதினொண்ணு."
அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பாம்பனில் பதினொன்றாம் கூண்டு ஏறினால்
தகவல் அறுந்துவிட்டது என்று பொருள்.
கீழக்கரையில் பிறந்த எனக்கு
வாய் திறக்கும் முன் அது நினைவு வந்திருக்க வேண்டும்.

"அந்தப் பதினொண்ணு இல்லண்ணே. இது வேற, இது இறங்கும்."
நெடுநேரம் கழித்துச் சொன்னார்:
"மூணு ஏத்துனாலே வள்ளத்த மேல இழுத்துருவோம்.
பாதி நேரம் புயலு ஆந்திராவுக்குப் போயிரும்.
வீணா இழுத்தோமேன்னு எவனும் அழுததில்ல."

நான் இழுக்கப் போனேன்.

மருந்து முதல் மணிக்குள் ஏறியிருந்தது.
குழாய் போட்டதும் தலைமாட்டை உயர்த்தி,
இரண்டு மணிக்கொரு தரம் புரட்டி,
பையில் விழுவதை டார்ச் அடித்துக் குனிந்து பார்த்து:
எட்டு மில்லி. பத்து. மறுபடி ஏழு.
டாக்டர் மதுரைக்கு இரண்டு முறை போன் போட்டார்.
கரண்ட் போனது. மிஷினின் பேட்டரிக்கு வயசாகிவிட்டது.
ஜெனரேட்டர் பிடிக்கும்வரை
கைப்பலூனை அமுக்கிக்கொண்டிருந்தேன்,
எண்ணாமல் எண்ணி.

அதே இரவில்
வெறும் நாலு வாங்கியிருந்த ஆறாம் கட்டில்,
பனைக்குளத்துக்காரர்,
விடியுமுன் போய்விட்டார்.
சீனி கம்மியா ஒரு சாயா கேட்டிருந்தார்.
அவர் தாளில் நான் எதைப் பார்க்கத் தவறினேன் என்று
இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் பிரகாசிக்கு ஒன்பது.
மணிக்கு முப்பது மில்லி.
கண் திறந்தவள்
கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற ஆளிடம்
விரல்களை லேசாக விரித்தாள்: எத்தனை?
அவர் என்னைப் பார்த்துவிட்டு
ஒரு விரலை மடக்கி
இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"ஒன்பதும் பெரிய அபாயந்தான், சிஸ்டர்,"
என்றார் பிறகு, முகத்தைத் துடைத்துக்கொண்டு.
"ஆனா தகவல் வருது."