நேரமோ திகதியோ

வெள்ளிக்கிழமை, இரண்டே முக்கால்.
முல்லைத்தீவுக் கச்சேரியில் நான்,
மல்லாவியில் எமில்டா அக்கா.
நடுவில் அறுபத்துச் சொச்சம் கிலோமீற்றர்,
தெருவில் படுத்திருக்கும் மாடுகள்,
ஒரு கண்ணாடி இழை.

வறட்சி நிவாரணப் பட்டியல் அவருடைய கணினியில்.
நாலு மணிக்குள் கொழும்புக்குப் போகவேண்டும்.
என்னால் உள்ளே போகமுடியவில்லை.

முதலில் குரங்கைச் சந்தேகித்தேன்.
போன மாதம் வயரைக் கடித்தது அதுதான்.
பிங் போட்டேன், பதில் வருகிறது.
மூவாயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பதாம் கதவு
திறந்துதான் கிடக்கிறது.
தொலைவிலிருந்து வரக்கூடியவர்கள் குழுவில்
என் பெயர் உண்டு, இரண்டு தரம் பார்த்தேன்.
கணக்குப் பூட்டுப்படவில்லை.
பாஸ்வேட் நேற்றுத்தான் மாற்றியது.
கப்ஸ் லொக்கையும் பார்த்தாயிற்று
(வெட்கப்பட ஒன்றுமில்லை,
பாதி முறைப்பாடு அதனால்தான்).

ஒவ்வொரு தரமும் ஒரு பெட்டி வந்தது.
ஒவ்வொரு தரமும் வாசிக்காமலே ஓகே கொடுத்தேன்.
ஏழாந்தரம் வாசித்தேன்:

உமது கணினிக்கும் தொலைக் கணினிக்கும் இடையில்
நேரமோ திகதியோ வேறுபடுகிறபடியால்
அதன் அடையாளத்தை உறுதிசெய்ய முடியவில்லை.

"அக்கா, திரையில வலப்பக்கம், அடியில,
நேரம் என்ன காட்டுது?"
"ஆறு பத்து."
"திகதி?"
மின்விசிறி சுற்றுகிற சத்தம்.
"ஒண்டு, ஒண்டு, ரெண்டாயிரத்து ஒன்பது."

பற்றறி செத்திருக்கிறது.
உள்ளே, பலகையில், ஒரு ரூபாய்க் குற்றியளவில் இருக்கும்.
நேற்றிரவு கறண்ட் போனபோது கணினி
தனக்குத் தெரிந்த முதல் நாளுக்குப் போய்விட்டது.
காலை எட்டரை தாண்டி அவர் சுவிச்சைப் போட்டதிலிருந்து
அங்கிருந்து எண்ணிக்கொண்டு வருகிறது.
ஐந்து நிமிட வித்தியாசம்வரை டொமைன் பொறுக்கும்.
அதற்குமேல் அதற்கு ஆளைத் தெரியாது.

இதையெல்லாம் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன்.
"அண்டைக்கு நாங்கள் தருமபுரத்தில," என்றார்.
"தறப்பாளுக்குள்ள வெள்ளம்."
அந்த நேரம் நான் வவுனியாவில் ஏழாம் ஆண்டு.
"மாத்துவம் அக்கா," என்றேன்.

மாற்ற விடவில்லை.
திகதியை மாற்றும் அனுமதி எமில்டா அக்காவுக்கு இல்லை,
நிர்வாகிக்கு மட்டும்.
தொலைபேசியில் பாஸ்வேட் சொல்லக்கூடாது.
அந்தச் சுற்றறிக்கையை எழுதியதே நான்.
ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.
படிவமொன்றின் பின்பக்கத்தில் எழுதித் தட்டினார்.
கிழித்துப் போடச் சொன்னேன்,
கிழிகிற சத்தம் கேட்டது.

நாட்காட்டி அம்பை ஒவ்வொரு மாதமாகத் தட்டினார்,
வாய்விட்டே.
பெப்ரவரி. மார்ச். ஏப்ரல்.
பிறகு ஒன்றுமில்லை.
லைன் கட்டாகிவிட்டதென்று ஹலோ, ஹலோ என்றேன்.
"நிக்கிறன்," என்றார்.
"மௌஸ் கொஞ்சம் இறுகுது."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது:
மேலே தலைப்பில் இரண்டுதரம் தட்டினால்
மாதங்கள் மறைந்து வருடங்கள் வரும்.
சொன்னேன்.
"இதை முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி."

மூன்று ஐம்பத்திரண்டுக்கு உள்ளே போனேன்.
அங்கே அவருடைய திரை பூட்டிக்கொண்டது,
இங்கே எனக்குத் திறந்தது.
எழுநூற்றுப் பதினெட்டுப் பெயர்கள்.
அனுப்பினேன்.
பதிவேட்டில், காரணம்: நேர வித்தியாசம்.
தேவை: பற்றறி ஒன்று, நூற்றைம்பது ரூபா.
அதற்கொரு வவுச்சர், அதில் கணக்காளரின் கையொப்பம்,
கணக்காளர் செவ்வாய்வரை லீவு.

திங்கள் காலை, எட்டு நாற்பது.
"ராத்திரியும் கறண்ட் போயிட்டுது தம்பி.
திரும்ப அங்கதான் போய் நிக்குது."
மேலே தலைப்பில், இரண்டுதரம், என்று தொடங்கினேன்.
"அதெல்லாம் எனக்குத் தெரியும்.
பாஸ்வேட்டை மட்டும் சொல்லும்."