ஒரு சுழியம்

ஓசோர்னோவில் ஜூலை மழைக்கு
விடுமுறை கிடையாது.
கையால் துவைத்த சீருடை
மூன்று நாளாகியும்
முழங்கையில் ஈரம் என்றாள்
எர்மிந்தா ஓயார்சூன்,
மருத்துவமனையில் இரவுத் துப்புரவு.

நான் நுகர்வோர் புகார் அலுவலகத்தில்
ஏழாம் எண் ஜன்னல்.

பொருள்: துவைத்து உலர்த்தும் இயந்திரம், ஒன்று.
விலை: முப்பதாயிரம் பெசோ.
மூன்று லட்சத்திலிருந்து
ஒரு சுழியம் உதிர்ந்துவிட்டதாம்.
பணம் எடுத்த நேரம்: அதிகாலை மூன்று பன்னிரண்டு.
'வாழ்த்துகள், ஆர்டர் உறுதி': மூன்று பதின்மூன்று.
'வருந்துகிறோம், ரத்து':
வெள்ளிக்கிழமை,
பழைய இயந்திரத்தை அவள்
காயலான் கடைக்குத் தள்ளிவிட்ட பிறகு.

கடையின் பதிலையும் வாசித்துக் காட்ட வேண்டும்:
விலை பிழையென்று
பார்த்தவுடன் யாருக்கும் தெரிந்திருக்கும்.

"உங்களுக்குத் தெரிந்ததா?"

கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள்.
மூடினாள்.

"போன மாதம் இதே கடை
ஆறு லட்சம் என்று போட்டு
சிவப்புக் கோட்டால் அடித்து
மூன்று என்றது.
அந்த ஆறை யாராவது
பிழை என்றார்களா?

ஒருமுறை வீட்டு வாடகையைத்
தப்பான கணக்குக்கு அனுப்பிவிட்டேன்.
அழுத்தியது உங்கள் விரல்தானே
என்றது வங்கி.
சரி.
இது யாருடைய விரல்?"

பிறகு, கொஞ்சம் தணிந்து:

"தெரிந்தது. கொஞ்சம் தெரிந்தது.
என் தங்கை மகன் பதினொன்று வாங்கினான்,
விற்கிறதற்கு.
நான் ஒன்றுதான்.
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

கொஞ்சம் தெரிந்ததற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.
ஆம். இல்லை.
இரண்டே சதுரம்.

அவளிடம் நான் சொல்லாதது:
அந்த இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை.
அதே இயந்திரம், அதே விலை.
கூடையில் போட்டுவிட்டு
இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வாங்காமல் விட்டது
நேர்மையால் என்று சொல்லிக்கொள்ளலாம்.
அட்டையில்
அந்த முப்பதாயிரமும் இல்லை.

கடை ஒரு சமாதானம் அனுப்பியிருந்தது:
அடுத்து வாங்குவதில் பத்து விழுக்காடு தள்ளுபடி,
ஏழு நாள் செல்லும்.
இன்று ஆறாம் நாள்.

"வேண்டாம் என்று எழுதுங்கள்.
பெரிய எழுத்தில்."

ஜன்னலில் சங்கிலியிட்ட பேனா
வழக்கம்போல் எழுதவில்லை.
என்னுடையதைக் கொடுத்தேன்.
பெயரை முழுதாக எழுதினாள்,
அம்மா வழிப் பெயரும் சேர்த்து,
கோட்டைத் தாண்டி.

சதுரங்களை வெறுமையாக விட்டு
முத்திரை குத்தினேன்.
மேலதிகாரி திருப்பி அனுப்புவார்,
அனுப்பட்டும்.

அடுத்த எண்ணை அழைத்தேன்.
மழையை உதறிக்கொண்டு ஓர் இளைஞன்,
பிளாஸ்டிக் உறைக்குள்
பதினொரு ரசீது.
வாசலில் குடை விரித்தவளை
அவன் பார்க்காதது போல் வந்தான்.

எழுதத் தேடினேன்.
பேனா அவளோடு போயிருந்தது.